ஆறு முள்ளும் எட்டடிக் கம்பும்

திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது, மாடி என்று எல்லாரும் கூப்பிடும் மனிதர் சமையலறையில் டப்பாக்களை எடைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். கனமானவை கீழே, லேசானவை மேலே. மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து சர்க்கரையைத் தேடுவார், கிடைக்காது, வீடு அதிரத் திட்டுவார். போன வாரமும் அதுதான் நடந்தது.

மாடி என்பது பட்டப்பெயர். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து நூறடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கீழே நிற்பவர்கள் "மாடியைக் கேளு", "மாடி சாப்பிட்டாச்சா" என்று பேசிப் பேசி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. ஆள் தரைக்கு இறங்கிவிட்டார், பெயர் இறங்கவில்லை.

அந்தப் பதினோரு வாரத்தில் வீட்டில் கை வைக்காத பொருள் இல்லை. சத்தம் போடாத கதவுகளுக்கு எண்ணெய் விட்டார். நன்றாக ஓடிய கடிகாரத்தைத் திறந்து பார்த்தார். அது அதன்பிறகு ஓடவில்லை. "உங்களை ஒரு ஆணியில மாட்டி வெச்சுட்டுப் போகணும்னு தோணுது" என்றார் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாடி சிரிக்கவில்லை.

தொலைபேசியில் ஐஸ், அதுவும் பட்டப்பெயர்தான். ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக், துறைமுகத்துப் பழக்கம். சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருந்தார். தபால்காரர், தையல்காரர், கணக்கு வாத்தியார், ஐஸ் என்று நால்வர் சனிக்கிழமை தோறும் கானாங்கெளுத்தி மீன் பிடிக்கப் போவார்கள். படகில் நான்கு பேருக்குத்தான் இடம்.

"வாத்தியார் பொண்ணு வீட்டோட போயிட்டாருப்பா. சீட்டு காலி."

மாடி கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதே. மருந்துக்கடைக்காரரும் கேக்கறாரு. இந்தச் சனிக்கிழமை உன்னை ஏத்தறேன். சரிப்படலைன்னா அடுத்த சனிக்கிழமை அவரு. முறை தெரியும்ல? யாரு பிடிச்சாலும் ஒரே பெட்டி. கரைக்கு வந்ததும் சமமாப் பங்கு. அதனால உக்காந்து காத்து வாங்கற ஆள் வேணாம்."

"நான் வாங்கின காத்து போதும்டா. முப்பத்தோரு வருஷம்."

"இன்னொண்ணு. தூண்டில் நரம்பு சிக்கக் கூடாது. போன மாசம் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். எங்க மூணு பேரு நரம்பையும் சேத்து ஸ்வெட்டர் பின்னிட்டாரு. அவிழ்த்து முடிக்கறதுக்குள்ள மீனெல்லாம் வேற ஊருக்குப் போயிடுச்சு. தூண்டில் கம்பு நீயே கொண்டா. படகுல யாரும் யாருக்கும் கம்பு இரவல் தரமாட்டோம்."

மாலையில் மனைவி வந்தபோது சர்க்கரை டப்பா பழைய இடத்திலேயே இருந்தது. "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மாடி அளவு நாடாவோடு படகுத் துறைக்குப் போனார். ஐஸின் படகில் இறங்கி, தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் பக்கவாட்டு விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்தார். இரண்டரை அடி. நிற்கும் பலகையிலிருந்து தன் இடுப்பு மூன்றரை அடி. பக்கத்துப் படகில் வலை மடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"படகை வாங்கப் போறீங்களா?"

"இல்ல. கம்பு வாங்கப் போறேன்."

அவர் மறுபடியும் வலையை மடிக்கப் போனார்.

புதன்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனார். மகளுக்குப் பொருள் சோதனைக் கூடத்தில் வேலை. பாலத்துக்குப் போகும் இரும்புக் கம்பிகளை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எந்தச் சுமையில் அறுகிறது என்று எழுதித் தருவாள். "உடைக்கறதுக்குச் சம்பளம் வாங்கற பொண்ணு" என்று மாடி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

சைக்கிள் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்தில் அந்தக் கடை. கண்ணாடிப் பெட்டிகளில் முட்கள், ஈயக் குண்டுகள், சாயம் பூசிய இறகுகள். தூண்டில் கம்புகள் பீப்பாய்களில் கொத்துக் கொத்தாக நின்றன. கூரையில் மின்விசிறி உண்டு, ஆனால் போடமாட்டார்கள். போட்டால் கம்புகளின் நுனியெல்லாம் அடிபடும். கடைக்காரம்மா ஒரு தினசரியை விசிறியாக மடித்து வைத்திருந்தார்.

"கரைக்கா, படகுக்கா?"

"படகுக்கு. கானாங்கெளுத்தி."

"அப்ப ஆறடிண்ணே. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

மாடி கண்ணை மூடவில்லை. நாடாவை எடுத்தார். "சரத்தைக் காட்டுங்க தங்கச்சி."

சரம் என்பது ஒரே நரம்பில் ஆறு முட்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை இறகு, அடியில் ஈயக் குண்டு. மீன் கூட்டம் வந்தால் இறகைச் சின்ன மீன் என்று நம்பி ஆறும் ஒரே நேரத்தில் கடிக்கும். மாடி ஒரு முனையைப் பிடித்தார், மகள் மறுமுனையோடு நடந்து கடை வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள். ஆறரை அடி.

ஒரு அட்டைப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். படகு, ஆள், கம்பு, தொங்கும் சரம்.

"இடுப்புல வெச்சுத் தூக்கிப் பிடிச்சா, ஆறடிக் கம்போட நுனி தண்ணிக்கு மேல எட்டடிக்குள்ளதான் நிக்கும். அதுல சரம் ஆறரை போயிடுது. மிச்சம் ஒன்றரை கூட இல்ல. படகோட பக்கம் ரெண்டரை. அப்ப அடியில இருக்கற ரெண்டு மீன் எங்க இருக்கும்?"

கடைக்காரம்மா விசிறுவதை நிறுத்தினார். "படகுக்கு வெளியில."

"வெளியில. பலகையில மோதிக்கிட்டு. எல்லாரும் என்ன பண்றாங்க?"

"சரத்தைக் கையால பிடிச்சு உள்ள இழுத்துப் போடுவாங்க."

"அப்பதானே சிக்கும்!"

"சிக்கும்தான்" என்றார் அவர் மெதுவாக. பிறகு அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "பதினாலு வருஷமா விக்கறேன். ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லண்ணே. எந்தக் கப்பல்ல வேலை?"

"கப்பல்ல இல்லம்மா. கப்பலுக்கு மேல."

மாடியின் முகம் சிவந்திருந்தது. முப்பத்தோரு வருடம் அவர் செய்த வேலையே இதுதான். சுமையின் அடிப்பாகம் கப்பலின் விளிம்பைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் கீழே நிற்பவன் தலைக்கு ஆபத்து. இப்போது சுமை மீன், கிரேன் அவரே. மகளுக்கும் கை பரபரத்தது. ஏழடிக்குக் கணக்குப் போட்டாள். நான்கு விரல் உயரம் குறைந்தது. எட்டடிக்குப் போட்டாள். தாண்டியது.

"எட்டடி!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எட்டடியில் இரண்டு கம்புகள் இருந்தன. ஒன்று பச்சை, நுனி மெல்லியது. மற்றது கறுப்பு, நுனிவரை தடிப்பு. மாடி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கினார். ஆறு மீனும் ஈயமும் சேர்ந்து அந்த எடைக்குள்தான் வரும். பச்சைக் கம்பின் நுனியில் கட்டித் தூக்கினார். கம்பு பாதிவரை குனிந்து பாட்டிலை அவர் முழங்கால் பக்கம் கொண்டுவந்து விட்டது. கறுப்பில் கட்டினார். நுனி நான்கு விரல் அளவு இறங்கி, அங்கேயே நின்றது. பாட்டிலில் தண்ணீர்கூட அசையவில்லை.

"ஆஹா" என்றார் மாடி.

"பச்சையை எடுங்கண்ணே. கானாங்கெளுத்திக்கு வாய் காகிதம் மாதிரி."

"குனியுதே தங்கச்சி."

"குனியத்தான் செஞ்சிருக்கு."

மாடிக்கு அது ஏறவில்லை. அவர் தொழிலில் கிரேனின் கை குனிந்தால் சங்கு ஊதி எல்லாரையும் ஓடச் சொல்ல வேண்டும். அவர் மகளைப் பார்த்தார். மகள் கறுப்புக் கம்பின் நுனியை அழுத்திப் பார்த்து, "மூணு மடங்கு சுமை வந்தாலும் தாங்கும்பா" என்றாள். கம்பு தாங்குமா என்பதைத்தான் இருவரும் யோசித்தார்கள். மீனின் வாய் தாங்குமா என்று யோசிக்கவில்லை. சுமைக்கும் வாய் உண்டு என்று இருவருக்கும் யாரும் கற்றுத்தரவில்லை.

கறுப்பையே, நரம்பு சுற்றிய ரீலும் ஒரு சரமும் சேர்த்து வாங்கினார்கள். கடையில் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு மாடியின் ஆயுளில் இரண்டு வருடமும் ஏழு மாதமும் பாக்கி இருந்தன. அது அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த அட்டைப் படத்தில் ஒரு கோட்டைக்கூட அவர் வேகமாகப் போட்டிருக்கமாட்டார்.

பேருந்தில் கம்பைப் படுக்க வைக்க முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்கள். "என்னய்யா, ரோட்டுலயே பிடிக்கறீங்களா?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டார். மாடி கையை ஆட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் யாருக்கும் கையாட்டி மகள் பார்த்ததில்லை.

வியாழனும் வெள்ளியும் ஒத்திகை. சரத்தின் முட்களைக் கழற்றி ஆறு கரண்டிகளைக் கட்டினார். மேல்தள வராந்தாவின் கைப்பிடிச் சுவர்தான் படகின் விளிம்பு. கீழே முற்றத்தில் கரண்டிகளை இறக்குவார், நேராகத் தூக்குவார், சுவரைத் தாண்டி உள்ளே வைத்த வாளியில் இறக்குவார். ஆடக் கூடாது, சுழலக் கூடாது, ஒரு கரண்டி இன்னொன்றைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சத்தமே வராமல் இறக்கப் பழகிவிட்டார்.

மனைவி வேலையிலிருந்து வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"ஆறு கரண்டி மாட்டியிருக்கே. பொரிக்கவா, சுடவா?"

"சிரி, சிரி. நாளைக்குப் பாரு."

"பாக்கத்தான் போறேன்." பிறகு குரலை இறக்கி, "என்னங்க, அந்த சீட்டு கிடைக்கலைன்னா மனசு விட்டுடாதீங்க" என்றார்.

மாடி கரண்டிகளை மறுபடியும் இறக்கினார்.

சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்கள். படகின் பின்பக்கம் எஞ்சினோடு ஐஸ், இடப்பக்கம் தபால், வலப்பக்கம் தையல். முன்பக்க இருக்கை மாடிக்கு. நடுவில் நீலப் பெட்டி, திறந்த வாயோடு. மற்ற மூவர் கையிலும் ஆறடிக் கம்புகள்.

தையல்காரர் கறுப்புக் கம்பை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னப்பா, கொடிக்கம்பமா? கொடியை எப்ப ஏத்தறது?"

"மீனு வந்ததும்."

"என் காதைக் குத்திடாதே. ஏற்கெனவே குத்தியாச்சு."

கரை சின்னதாகும்வரை ஓடினார்கள். பிறகு ஐஸ் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் காட்டினார். சற்றுத் தள்ளி ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. மேலே பறவைகள் கத்திக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தன.

"வந்துடுச்சு. இறக்குங்க, இறக்குங்க!"

நான்கு ஈயக் குண்டுகள் விழுந்தன. மாடியின் ரீலிலிருந்து நரம்பு விர்ரென்று ஓடியது. நிறுத்தினார். கம்பை லேசாகத் தூக்கினார்.

அடித்தது.

முப்பத்தோரு வருடத்தில் அவர் தூக்காத பொருள் கிடையாது. லாரி தூக்கியிருக்கிறார், ரயில் எஞ்சின் தூக்கியிருக்கிறார். ஆனால் அதில் எதன் எடையும் அவருக்குத் தெரியாது. எடை என்பது கூண்டுக்குள் இருக்கும் எடைமானியில் முள் ஏறுவது, அவ்வளவுதான். இது மணிக்கட்டில் அடித்தது, முழங்கையில் ஏறியது, தோளில் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாகத் தெரிந்தது.

"டேய் ஐஸ்! இது உயிரோட இருக்குடா!"

"பின்ன? தூக்குப்பா!"

தூக்கினார். தண்ணீருக்குள் ஆறு பச்சை மின்னல்கள் வரிசையாக ஏறி வந்தன. மேலே வந்த நொடியில் ஒரு உதறல். கம்பு அசையவில்லை. மூன்று மீன்கள் அறுத்துக்கொண்டு விழுந்தன. விளிம்புக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு. பெட்டிக்குள் போனது ஒன்று.

மறுபடி இறக்கினார். ஐந்து ஏறின, ஒன்று வந்தது. மறுபடி. நான்கு, ஒன்றுமில்லை. முள்ளில் மீனின் உதட்டுத் துண்டு மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மற்ற மூவரும் சரத்தைக் கையால் இழுத்து, மோதி, பாதியைத் தவறவிட்டு, மீதியைப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாடி, என்னப்பா, மீனை எடை பாத்துட்டு விட்டுடறியா?" என்று தையல் கத்தினார்.

கொதிப்பு அடங்கியது. பறவைகள் கலைந்தன. பெட்டியில் பாதிக்குக் கிட்டே நிறைந்திருந்தது. அதில் மாடியுடையவை இரண்டே மீன்கள். அவருக்கு அவை எந்த மூலையில் கிடக்கின்றன என்றுகூடத் தெரிந்தது. ஐஸ் ஒன்றும் சொல்லாமல் எஞ்சினைக் கிளப்பினார். அவர் சொல்லாததுதான் மாடிக்குக் கேட்டது. மருந்துக்கடைக்காரர் அடுத்த சனிக்கிழமை இந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பார். தான் சமையலறையில் இருப்பார்.

அவர் முள்ளில் ஒட்டியிருந்த உதட்டுத் துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். தேய்த்ததும் பிய்ந்தது. காகிதம் மாதிரி.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. கம்பு பலமாகத்தான் இருக்கிறது. அந்தப் பலம் முழுவதும் போய் இறங்குவது இந்த உதட்டில். மீன் உதறுகிறது, கம்பு விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கறுப்புக் கம்பை இப்போது பச்சையாக்க முடியாது. மிச்சம் இருப்பது அவருடைய உடம்பு.

ரீலின் பிடியைத் தளர்த்தினார். கால்களை அகட்டி முழங்கால்களை மடித்தார். முழங்கைகளை விலாவிலிருந்து எடுத்துத் தளர விட்டார். படகு அலையில் ஏறும்போது அதோடு ஏறிப் பார்த்தார், இறங்கும்போது அதோடு இறங்கினார்.

தபால்காரர் திரும்பினார். "என்னாச்சு மாடி? வயிறு கலக்குதா?"

"பழகறேன்."

"எதை?"

"குனிய."

இரண்டாவது கூட்டம் முதலைவிடப் பெரியது. படகையே சுற்றி வளைத்துக் கொதித்தது. ஐஸ் எழுந்தே நின்றுவிட்டார். "எல்லாப் பக்கமும் இருக்கு! போடுங்க!"

மாடி இறக்கினார். அடித்தது. ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு. இந்தத் தடவை அவர் கம்பைத் தூக்கவில்லை. தானே எழுந்தார், மெதுவாக, முழங்கால்களிலிருந்து. மீன்கள் உதறியபோது கைகளைக் கூடவே போக விட்டார். படகு தாழ்ந்தபோது தாழ்ந்தார். ஓர் அலை படகைத் தூக்கியபோது அதோடு சேர்ந்து நிமிர்ந்தார். சரம் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. ஆறு மீன்களும், அடியில் ஈயமும், ஒரே நேர்கோட்டில், சொட்டிக்கொண்டு. ஈயம் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தாண்டி உள்ளே வந்தது. எதிலும் இடிக்கவில்லை, யார் நரம்பையும் தொடவில்லை. பெட்டியில் இறக்கினார்.

"ஆறு!" என்று தையல் கத்தினார். தன் கம்பையே மறந்துவிட்டார். "ஏய், ஆறும் வந்துடுச்சுப்பா!"

"கத்தாதே, பிடி" என்றார் ஐஸ். ஆனால் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி ஏற்கெனவே இறக்கியிருந்தார். ஐந்து. மறுபடி ஆறு. ஒரு தடவை மூன்றுதான், படகின் ஆட்டத்தோடு இசையாமல் போய்விட்டது, தன்னையே திட்டிக்கொண்டார். மறுபடி ஆறு. அவர் தொப்பலாக நனைந்திருந்தார், மூச்சு வாங்கியது, தொடை நடுங்கியது, சிறுவனைப் போல் கூவிக்கொண்டிருந்தார். நடுவில் தையலும் தபாலும் சரத்தைக் கையால் இழுக்கும் அவசரத்தில் ஒருவர் நரம்பை ஒருவர் பின்னிவிட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே அவிழ்த்த நேரம் முழுவதும் பெட்டியில் விழுந்தவை மாடியின் மீன்களும் ஐஸின் மீன்களும் மட்டுமே. கூட்டம் மறைந்தபோது பெட்டி விளிம்புவரை துள்ளிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் ஐஸ் கேட்ட ஒரே கேள்வி: "அதென்ன எட்டடி?"

மாடி ஈரக் கையால் பலகையில் படம் வரைந்து காட்டினார். படகு, ஆள், கம்பு, சரம். வெயில் ஒரு பக்கம் உலர்த்த உலர்த்த மறுபக்கம் வரைந்தார். ஐஸ் தன் ஆறடிக் கம்பை எடுத்து இடுப்பில் வைத்து, தூக்கி, நுனியைப் பார்த்தார்.

துறையில் பெட்டியைக் கல்மேடையில் கவிழ்த்தார்கள். சோதித்துப் பார்க்கக் கூட்டிவரும் புது ஆளுக்கு ஒரு பையில் கொஞ்சம் மீன் போட்டுக் கொடுத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். குவியல் என்பது சீட்டுக்காரர்களுக்கு மட்டும். இதைத் தபால்காரர்தான் மாடியின் காதில் சொல்லிவைத்தார். பங்கு வைப்பது தையல்காரரின் வேலை. அவர் மீன்களை அளந்து பிரித்து ஒரு குவியல் வைத்தார், இரண்டாவது வைத்தார், மூன்றாவது வைத்தார். பிறகு ஐஸைப் பார்த்தார்.

மாடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"என்னை என்ன பாக்கறே?" என்றார் ஐஸ். "நாலாப் பிரி."

தையல் மூன்று குவியலையும் கலைத்துச் சிரித்துக்கொண்டே நான்காக வைத்தார். யாருக்கு எது என்று சண்டை வரக் கூடாது என்பதற்காக ஐஸ் மீன்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். தையல் ஒரு குவியலைத் தொட்டார்.

"இது யாருக்கு?"

"மாடிக்கு" என்றார் ஐஸ், திரும்பாமலே. "மருந்துக்கடையில நான் பேசிக்கறேன்."

"அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் மாடி.

"யப்பா, முதல்ல இந்தச் சனிக்கிழமை முடியட்டும்" என்றார் தையல்காரர்.